கோரப்படாத உடல்: நன்றிச் சடங்கும் ஒரு சட்டமும்

"எங்களுக்கு முதல் வாத்தியார் பாடிதான் சித்தி" என்றாள் அக்கா மகள். சமவெளியில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்குக் குன்னூர் வந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டு வெளியே தலைகாட்ட முடியாமல் போன இரண்டு நாட்களில் அவள் சொன்னவையும், நான் குறுக்கே கேட்டவையும், அவள் போன பிறகு தேடிப் படித்தவையும்தான் இந்தக் கட்டுரை.

வகுப்பு தொடங்கிய முதல் வாரம் அவர்களை உடற்கூறு அரங்கில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திய உடல். துணிமேல் பூ. எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி வாசித்தார்களாம். இந்த உடலை மரியாதையோடு நடத்துவோம், படம் பிடிக்க மாட்டோம், கேலி பேச மாட்டோம், தன்னையே எங்களுக்குப் பாடமாகத் தந்த இந்த மனிதருக்கும் இவரைத் தந்த குடும்பத்துக்கும் நன்றி. பிறகு ஒரு நிமிடம் மௌனம். ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் வழிந்ததா, உண்மையிலேயே அழுதோமா என்று தெரியவில்லை என்றாள். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். இவள் ஒரு மாதம் கறி சாப்பிடவில்லை. இதெல்லாம் அந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற கதைதான்.

எல்லோரும் சொல்லாத கதை இதற்கு அப்புறம் வருகிறது. அரங்கின் உதவியாளரிடம் (இவர்கள் 'அண்ணன்' என்கிறார்கள்) இவள் போய்க் கேட்டிருக்கிறாள்: "அவங்க யாருண்ணே? எந்த ஊரு?" அவர் சிரித்திருக்கிறார். "ஜிஎச்ல இருந்து வந்த அன்க்ளெய்ம்டு பாடிம்மா. ஊரு பேரு எங்க இருக்கு?"

"குடும்பமே இல்லைன்னுதானே சித்தி அவரை இங்க கொண்டு வந்தாங்க? நாங்க அவரு குடும்பத்துக்கு நன்றி சொல்லியிருக்கோம். அவரா வந்து படுக்கலை. அப்ப நாங்க யாருக்கு, எதுக்கு நன்றி சொன்னோம்?"

பதினெட்டு வயதுப் பெண்ணின் இந்தக் கேள்வியை இரண்டு வருடமாகக் கோட்பாட்டுப் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நண்பர்கள் கேலி செய்யலாம். ஆனால் உண்மை அதுதான்.

* * *

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த உறுதிமொழிச் சடங்கை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. எண்பதுகளில் மருத்துவம் படித்த நண்பர் ஒருவர், தன் மேசையில் கிடந்த உடலுக்கு ஒரு நடிகரின் பெயர் வைத்திருந்ததையும், அதன் வாயில் யாரோ சிகரெட் செருகி வைத்ததையும் ஒருநாள் தலைகுனிந்தபடி சொன்னார். பயத்தை மறைக்கக் கண்டுபிடித்த சிரிப்பு அது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டம் இதைப் பேசப்பட வேண்டிய விஷயமாக ஆக்கியது. மனப்பான்மை, அறம், தகவல் பரிமாற்றம் ஆகியவற்றுக்கென ஒரு தனிப் பாடப்பகுதி. அதில் முதலாண்டுக்கு வரும் ஓர் அலகின் தலைப்பே 'இறந்த உடல் நம் முதல் ஆசிரியர்' என்று பொருள்படுவது. உடற்கூறியலில் மாணவர் பெற வேண்டிய திறன்களின் பட்டியலிலேயே உடலை மரியாதையோடு கையாளுவதும் ஒரு திறன். ஆக, அக்கா மகள் சொன்ன 'முதல் வாத்தியார்' அவளுடைய கண்டுபிடிப்பு அல்ல, பாடத்திட்டத்தின் சொல்லாடல். நல்ல சொல்லாடல்தான். சிகரெட்டைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் எந்தச் சொல்லாடலும் ஒன்றைப் பேசுவதற்காக இன்னொன்றைப் பேசாமல் விடுகிறது. 'ஆசிரியர்' என்று அழைத்த உடனே எதிரில் கிடப்பவர் விருப்பத்தோடு வந்து கற்பிப்பவராக மாறிவிடுகிறார். 'கொடையாளர்' என்றதும் எடுக்கப்பட்டது எல்லாம் கொடுக்கப்பட்டதாகிவிடுகிறது. கொடை என்பது திருப்பித் தரும் கடமையைக் கட்டாயமாக உண்டாக்குவது என்று மார்செல் மோஸ் 1925இலேயே எழுதினார். அப்படியானால் கொடுக்காதவரைக் கொடுத்தவர் என்று அழைத்து ஒரு நிமிட மௌனத்தில் கடனைத் தீர்த்துக்கொள்வதற்கு என்ன பெயர்?

தமிழில் செத்த உடம்புக்கு இருக்கிற சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். தலைவர் செத்தால் பூதவுடல், அல்லது திருவுடல். போலீஸ் எழுதினால் சடலம். சாதாரண மனிதர் செத்தால் பிணம். எரிக்கப் போகும்போது சவம். கல்லூரிக்குள் வந்தால் பாடி. (கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கும் பாடி என்றுதான் பெயர். 'பாடியில இருந்து வர்றேன்' என்று ஒரு கூடலூர்க்காரர் சமவெளி ஆஸ்பத்திரியில் சொன்னால் என்னவாகப் புரிந்துகொள்வார்களோ.) ஒரே பொருளுக்கு இத்தனை படிநிலைகள். இதில் கடைசிப் படி 'உரிமை கோரப்படாத சடலம்'.

இந்தத் தொடரின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். கோரப்படாத: செயப்பாட்டுவினை, அதுவும் எதிர்மறையில். செயப்பாட்டுவினையின் வசதியே எழுவாயை மறைத்துவிடலாம் என்பதுதான். யார் கோரவில்லை? மகனா? அவனுக்குச் சேதி போனதா? சேதி போனாலும் பஸ்ஸுக்கும், ஆம்புலன்ஸுக்கும், சுடுகாட்டுக்கும் அவனிடம் பணம் இருந்ததா? தன் பெயரைச் சரியாகச் சொல்ல முடியாத நிலையில் அவரை வார்டில் சேர்த்தபோது யாராவது உட்கார்ந்து கேட்டார்களா? இவை எதுவும் அந்த ஒற்றைப் பெயரெச்சத்துக்குள் வராது. தேடாததைக் கோராததாக மாற்றுகிற சொல் அது.

* * *

இந்தச் சொல்லுக்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டின் கொலைச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடலை அறுத்துப் பார்ப்பதைத் தண்டனையின் ஒரு பகுதியாகவே வைத்தது. சாவு போதாது, அடக்கம் கிடைக்காமல் போவதும் சேர்ந்தால்தான் முழுத் தண்டனை. மருத்துவப் பள்ளிகள் பெருகியபோது தூக்குமேடை மட்டும் போதவில்லை. புதைகுழியைத் தோண்டி உடல் திருடி விற்கும் தொழில் வளர்ந்தது. 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் தோண்டுகிற சிரமமும் எதற்கு என்று ஆட்களைக் கொன்றே விற்றது அம்பலமானது. பதினாறு கொலைகள். அதன் பிறகு 1832இல் வந்ததுதான் உடற்கூறியல் சட்டம். ஏழைகளை அடைத்துவைத்த தொழிற்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, யாரும் கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தரலாம் என்றது. ரூத் ரிச்சர்ட்சன் 1987இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டினார்: எண்பது ஆண்டுகாலம் கொலைக்குத் தண்டனையாக இருந்தது, ஒரு சட்டத்தின் மூலம் வறுமைக்குத் தண்டனையாக மாறியது.

அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளைதான் நம்முடையது. பம்பாயில் 1949இல், சென்னையில் 1951இல். இன்று தமிழ்நாடு உடற்கூறியல் சட்டம் என்று அழைக்கப்படும் இந்தச் சட்டத்தின் நோக்கமே கோரப்படாத உடல்களை மருத்துவக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்க வழிசெய்வது. சுதந்திரம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஜமீன்தாரி ஒழிப்பு பற்றியெல்லாம் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்த காலம். ஏழையின் உடல் பற்றி வெள்ளைக்காரனின் சிந்தனை அப்படியே மொழிபெயர்க்கப்பட்டது.

நமது பங்குக்கு நாம் சேர்த்துக்கொண்டது சாதி. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா ஓர் உடலை அறுத்தார். தீட்டை மீறிய வீரச்செயலாக அது இன்றும் கொண்டாடப்படுகிறது, கோட்டையில் பீரங்கி முழங்கியதாகவும் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த உடலைத் தூக்கி வந்து மேசையில் கிடத்தியவர் யார், பிறகு அள்ளிக்கொண்டு போனவர் யார்? அவர்களுக்குத் தீட்டை மீறுகிற வீரம் தேவைப்படவில்லை. அவர்கள் பிறந்ததே அந்தத் தீட்டுக்குள்தான். இன்றைக்கும் பிணவறையிலும் உடற்கூறு அரங்கிலும் உடலைக் கழுவி, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி, தொட்டியில் இறக்கி ஏற்றும் மனிதர்கள் எந்தச் சமூகங்களிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உறுதிமொழி வாசிக்கும் வரிசையில் அந்த 'அண்ணன்' நிற்க வைக்கப்பட்டாரா என்று கேட்டேன். "இல்ல சித்தி, அவரு லைட் போட்டுட்டு வெளிய போயிட்டாரு."

எலும்பு விஷயம் தனி. முதலாண்டு மாணவர்கள் சீனியரிடம் 'போன் செட்' வாங்குகிறார்கள். ஒரு அட்டைப்பெட்டியில் கபாலம், தொடையெலும்பு, முதுகெலும்புக் கண்ணிகள். படித்து முடித்ததும் அடுத்த ஜூனியருக்கு விற்றுவிடுவது, பழைய புத்தகம் மாதிரி. அக்கா மகளின் பெட்டி ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எத்தனை கைமாறி வந்ததென்று கபாலத்தின் உட்புறத்தில் பேனாவால் எழுதிய பெயர்களைப் பார்த்தால் தெரியுமாம். படித்தவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. கபாலத்துக்குரியவரின் பெயர்தான் இல்லை. 1985இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடு ஏற்றுமதி செய்வதில் இந்தியா, குறிப்பாகக் கல்கத்தா, முன்னணியில் இருந்தது. தேயிலை, சணல், எலும்பு. அந்தப் பெட்டிக்கு யாரும் பூ வைப்பதில்லை, கை நீட்டுவதில்லை. மேசையில் கிடப்பது ஆசிரியர், கட்டிலுக்கடியில் கிடப்பது சரக்கு.

* * *

நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? 2022 சனவரி 12இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று உதகையினுடையது. ஆண்டுக்கு 150 மாணவர்கள். 2025 ஏப்ரலில் அதன் 700 படுக்கை ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது, பழங்குடியினருக்குத் தனி வார்டோடு. நெஞ்சுவலி வந்தால் மலைப்பாதையின் வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கல்லூரி வந்தால் உடற்கூறு அரங்கும் வருகிறது. அரங்கு வந்தால் 1951ஆம் வருடச் சட்டமும் மலையேறுகிறது.

இந்த மலைக்கு உடற்கூறியலோடு ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885இலிருந்து இருந்த எட்கர் தர்ஸ்டனை நாம் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' (1909) என்ற ஏழு தொகுதிகளின் ஆசிரியராக அறிவோம். அவர் மருத்துவம் படித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தவர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1890களில் இடுக்கிமானியும் அளவுநாடாவுமாக இந்த மலையில் ஏறி தோடர், கோத்தர், படகர் ஆகியோரின் மூக்கு நீளம், தலை அகலம் எல்லாவற்றையும் அளந்து எண்களாக்கினார். வயநாட்டுப் பக்கம் அவரைக் கண்டதும் பணியர் பெண்கள் ஓடிவிட்டார்கள். தங்களில் நல்ல உருப்படிகளாகப் பார்த்துப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அவர்கள் நம்பியதாக அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு அது வேடிக்கை. எனக்கோ அதைவிடத் துல்லியமான ஒரு வாசிப்பை அந்தக் காலத்து மானுடவியல் பிரதிகளில் பார்க்க முடியவில்லை. தங்கள் உடல் அறிவாக மாற்றப்படும்போது அது தங்களிடம் திரும்பி வராது என்பதை எழுதப்படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அவருக்கும் முன்னால், மாவட்டத்தின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இங்குள்ள கல்வட்டங்களைத் தோண்டி ஈமத்தாழிகளை எடுத்தார். நூல் அவர் இறந்த பிறகு 1873இல் வந்தது. தாழிகள் சென்னைக்கும் லண்டனுக்கும் போயின. கோருவதற்கு அப்போதும் யாரும் வரவில்லை என்றுதான் குறிப்பெழுதியிருப்பார்கள்.

* * *

மறுபக்கமும் இருக்கிறது, தெரிந்தே கொடுத்தவர்களின் பக்கம். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1964 டிசம்பரில் புவனேசுவரத்தில் இறந்தபோது அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. ஜோதி பாசுவின் உடலை 2010இல் துப்பாக்கி மரியாதைக்குப் பிறகு கொல்கத்தாவில் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். சீதாராம் யெச்சூரி, 2024, தில்லி எய்ம்ஸ். நமக்கு நெருக்கமானவர்கள் இன்குலாபும் ஞாநியும். இன்குலாப் 2016 டிசம்பரில் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போனார், ஞாநி 2018 சனவரியில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு. 'போனார்' என்றுதான் எழுத வருகிறது, 'கொண்டுபோகப்பட்டது' என்று அல்ல. எழுவாய் தொலையவில்லை.

பெரியார் இயக்கத்தவரும் இடதுசாரிகளும் உடற்கொடையைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வெறும் விஞ்ஞானப் பற்று அல்ல. சுடுகாட்டுக்குக்கூடச் சாதி இருக்கிற நாட்டில், புரோகிதர், மந்திரம், கொள்ளி, கல்லறை, ஜமாஅத் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மறுப்பதற்கு அது ஒரு வழி. சமயம் துறந்தவர் எங்கே போய்ப் படுப்பது என்ற கேள்விக்கு மேசைதான் விடை. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவர் சாதியை மறுத்து வந்து சேரும் அதே மேசைக்கு இன்னொருவர் சாதியாலும் வறுமையாலும் தள்ளப்பட்டு வந்து சேர்கிறார். பக்கத்துப் பக்கத்து மேசைகள். ஒன்றுக்கு அஞ்சலிக் கூட்டமும் பத்திரிகைச் செய்தியும். மற்றதற்கு ஒரு எண். மாணவர்கள் இரண்டுக்கும் ஒரே உறுதிமொழியை வாசிக்கிறார்கள். சமத்துவம் என்று இதைச் சொல்லிவிடலாம்தான். வேறுபாட்டை அழித்துவிட்டுப் பெறுகிற சமத்துவம்.

கொடுத்தவருக்கும்கூடத் தன் உடல்மேல் முழு உரிமை இல்லை. கேரளத்தில் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர். உடலை எர்ணாகுளம் மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டுமென்று அவர் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார் என்றார் மகன். இல்லை, கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் போனார் மகள். உடல் பிணவறையில் காத்திருக்க, உயர்நீதிமன்றம் கொடையை ஏற்றது. 2025 சனவரியில் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. இந்த வழக்கில் எல்லோரும் கட்சியா சபையா என்று பார்த்தார்கள். எனக்குப் பட்டது வேறு. ஒரு தலைவரின் உடலுக்கு இத்தனை பேர் உரிமை கோருகிறார்கள். கோருவதற்கு ஆள் இருப்பதே ஒரு சொத்து. சட்டத்தின் கண்ணில் கோரத் தகுந்தவர் 'நெருங்கிய உறவினர்'. தோழர் வரமாட்டார், பக்கத்து வீட்டுக்காரர் வரமாட்டார், முப்பது வருடம் கூட நின்று கொழுந்து எடுத்தவள் வரமாட்டாள்.

இதை நான் ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பகுதி எஸ்டேட் லைன் ஒன்றில் ஒரு பெரியவர் இருந்தார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி சிலோனிலிருந்து வந்தவர்களில் ஒருவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. உறவு என்று இருந்தவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் ஹட்டனிலோ எங்கேயோ. அவரை சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மூன்றாம் நாள் இறந்துவிட்டார். லைனிலிருந்து ஏழெட்டுப் பேர் வாடகை ஜீப்பில் இறங்கினோம். கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" சங்கத்துத் தோழர் தன் அடையாள அட்டையைக் காட்டினார். வேலைக்காகவில்லை. ரேஷன் கார்டில் அவர் பெயர் மட்டும்தான். கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது அடுத்த வீட்டு அக்கா, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, "நாந்தான் மக. கையெழுத்து எங்க போடணும்?" என்றாள். போட்டாள்.

அந்தப் பொய் இல்லாவிட்டால் அவர் ஒரு மேசைக்குப் போயிருப்பார். ஏதோ ஒரு ஊரில் நல்ல மனசுள்ள பிள்ளைகள் பூ வைத்து அவருடைய 'குடும்பத்துக்கு' நன்றி சொல்லியிருப்பார்கள். இப்போது எஸ்டேட்டுகளில் நம் பிள்ளைகள் இல்லை, எல்லோரும் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காய்ச்சலில் சுயநினைவில்லாமல் வார்டில் கிடந்தால், அவர் பெயரை அவர் பாஷையில் கேட்க ஆள் இருக்கிறதா? நாளைய 'கோரப்படாதவர்' அவர்தான் என்று சொல்வதற்கு ஜோசியம் தேவையில்லை.

* * *

அப்படியென்றால் டாக்டர்கள் எதைப் பார்த்துப் படிப்பது என்று அக்கா மகள் சண்டைக்கு வந்தாள். "பொம்மையிலயும் கம்ப்யூட்டர்லயும் படிச்சுட்டு வந்தா உனக்கு ஆபரேஷன் பண்ண விடுவியா சித்தி?" நியாயமான கேள்வி. விட மாட்டேன். உடல் வேண்டும். எந்த வழியில் வர வேண்டும், வந்தவரை என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

தாய்லாந்தில் உடல் தந்தவரை 'பெரிய ஆசிரியர்' என்று அழைக்கிறார்கள். பெயர் மேசையில் இருக்கும், படித்து முடித்ததும் மாணவர்களும் சேர்ந்தே எரியூட்டுகிறார்கள். தைவானில் த்சூ-சீ பௌத்த அமைப்பின் கல்லூரி 1990களின் நடுவிலிருந்து இன்னும் ஒரு படி போனது. அறுப்பதற்கு முன்பே மாணவர்கள் அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய் அவர் யார், என்ன வேலை பார்த்தார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டு எழுத வேண்டும். நம் ஊரில் இதை ஆதர்சமாகக் காட்டிப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த உடல்கள் உண்மையிலேயே கொடுக்கப்பட்டவை. பெயர் இருப்பதால்தான் பெயரைச் சொல்ல முடிகிறது. எடுத்த உடலுக்குக் கொடுத்த உடலின் சடங்கைச் செய்தால் அது வெறும் நாடகமாகிவிடும்.

எடுக்கப்பட்டவர்களுக்குச் செய்ய வேண்டியதற்கு உதாரணம் பெர்லினில் இருக்கிறது. ஹெர்மன் ஸ்டீவ என்ற உடற்கூறியலாளர் நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட பெண்களின் உடல்களை வாங்கி ஆராய்ந்தவர். அவர் விட்டுச்சென்ற முந்நூறுக்கும் மேற்பட்ட திசுச் சில்லுகள், நுண்ணோக்கியில் மட்டும் பார்க்கக்கூடிய அளவில், கண்ணாடித் தகடுகளில் கிடைத்தன. வரலாற்றாசிரியர்கள் உட்கார்ந்து அவை யாரிடமிருந்து வந்தன என்று தேடினார்கள். 2019 மே மாதம் அந்தச் சில்லுகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து, உறவினர்கள் நிற்க, அடக்கம் செய்தார்கள். அங்கே நன்றி முதல் வேலை அல்ல, தேடல் முதல் வேலை. பிறகு நடந்ததை நடந்ததாகச் சொல்வது. நமது நிலைமையும் நாஜிகளின் நிலைமையும் ஒன்றா என்று உடனே கேட்பார்கள். ஒன்றல்ல. ஆனால் சம்மதம் கேட்கப்படாத உடல் என்ற புள்ளியில், செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

தோடர்களிடம் இரண்டு ஈமச்சடங்குகள் இருந்ததை ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிந்திருக்கிறார்: உடலை எரிக்கும் 'பச்சைச்' சடங்கு, பிறகு எடுத்துவைத்த முடிக்கற்றையும் மண்டையோட்டுத் துண்டும் கொண்டு நடத்தும் 'காய்ந்த' சடங்கு. இரண்டாவது நடந்து முடியும்வரை செத்தவர் முழுமையாகப் போய்ச் சேர்ந்தவர் அல்ல. படகர் சாவில் ஒரு மூத்தவர் நின்று, இறந்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வார், ஊர் பதில் சொல்லும். சார்ல்ஸ் கோவர் 1871இலேயே இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இவற்றை அள்ளிக்கொண்டுபோய் மருத்துவக் கல்லூரியில் அரங்கேற்றலாம் என்று நான் சொல்லவில்லை. பழங்குடிச் சடங்கை எடுத்து நம் குற்றவுணர்வுக்குப் பத்துப் போடுவது தர்ஸ்டன் வேலையின் இன்னொரு பதிப்பு. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மலையில் செத்தவரைப் பற்றி ஊர் கூடி உரக்கப் பேசியது. நல்லதை மட்டும் அல்ல. மௌனம் இங்கே மரியாதையாக இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை அளிப்பவர்களுக்கு 2023 செப்டம்பரிலிருந்து அரசு மரியாதை. நல்லது. அதே அரசு கோரப்படாத ஒவ்வொரு உடலுக்கும் யார், எங்கே, எப்படித் தேடினோம் என்று ஒரு பக்கம் எழுதி, அந்தப் பக்கத்தை உடலோடு மேசைக்கு அனுப்பினால் துப்பாக்கி மரியாதையைவிட அது பெரிது. மாணவர்களின் உறுதிமொழியும் அந்தப் பக்கத்தை வாசிப்பதிலிருந்து தொடங்கட்டும். 'நெருங்கிய உறவினர்' என்ற வட்டத்துக்குள் தொழிற்சங்கமும் அடுத்த வீடும் வரட்டும், அந்த அக்கா பொய் சொல்ல வேண்டி வராது. இன்குலாபும் ஞாநியும் செய்ததை இன்னும் நூறு பேர் செய்யட்டும், நான் உட்பட. (படிவம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சாட்சிக் கையெழுத்துக்கு அம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.)

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். ஆண்டுத் தேர்வுக்குப் பிறகு மேசையில் மிஞ்சியதை எல்லாம் சேர்த்து எரித்துவிடுவார்களாம். அப்போது யார் கூட நிற்பார்கள் என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறாள். "யாரு வருவா? நானும் முனிசிபாலிட்டி ஆளும்தான்" என்றாராம். இவளும் இவள் மேசையைச் சேர்ந்த நான்கு பேரும் போவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். துறைத்தலைவரிடம் கேட்டதற்கு, விதியில் இடமும் இல்லை, தடையும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். காலில் கட்டியிருந்த வில்லையின் எண்ணை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாளாம், யாராவது எப்போதாவது தேடிக்கொண்டு வந்தால் சொல்ல.

"அங்க நின்னு என்ன சொல்றது சித்தி? நீதான் தமிழ் படிச்சவளாச்சே, எழுதிக் குடு" என்றாள். நன்றி என்ற வார்த்தை மட்டும் வேண்டாம் என்றேன். "பின்ன என்ன?" என்றாள். இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.